குலநாயகம் பேரில் ஏறிய உடம்பு

பாரிசின் வடக்குப் புறநகரில், ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே பாழடைந்து கிடந்த இரும்பு வார்ப்பாலைக்குக் கண்ணாடிச் சுவர் போட்டு அதை உடற்பயிற்சிக் கூடமாக்கினார்கள். கூலி வாங்கிக்கொண்டு மனிதர்கள் இரும்பு தூக்கிய அதே கூரையின் கீழே, மனிதர்கள் சந்தா கட்டி இரும்பு தூக்கத் தொடங்கினார்கள். அந்த வருடத்தில் வீரமலை தூக்கிய இரும்பெல்லாம் குலநாயகத்தின் உடம்பில் போய் ஏறியது. அதைக் கேட்டு அங்கிருந்த நம்மவர் ஒருவரும் வியக்கவில்லை, ஏனென்றால் வீரமலை கழுவிய கோப்பைகளும் அதற்கு முன்பிருந்தே குலநாயகத்தின் பேரில்தான் ஏறிக்கொண்டிருந்தன.

வீரமலை இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். அங்கே மனிதனைப் பேரால்தான் அளப்பார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க முதுகு வளைந்தால் ஒரு பேர். பறித்த கொழுந்து எடைக்குக் குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைக் கூலி. வாயைத் திறந்து ஏன் என்று கேட்டால் பேர் வெட்டு, அதாவது அன்றோடு அடுப்பில் நெருப்பில்லை. அரைப் பேர் போடுவதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் எழுதி, எழுத்துத் தெரியாதவர்களுக்காக அதைத் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகக் கொண்டுபோய்த் தானே வாசித்துக் காட்டி, தொழிற்சாலை வாசலில் ஆட்களை உட்கார வைத்த குற்றத்துக்காக அவனுடைய பேர் வெட்டப்பட்டது. கூட இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டுப் பொலிசார் அவனுடைய இடது தோள்மூட்டைக் கழற்றினார்கள். அவன் ஒரு பேரைக்கூடச் சொல்லவில்லை. பிறகு அவனுடைய உயிரையும் கேட்டு ஆட்கள் வந்தபோது, மனைவி சிவனம்மாவை அவளுடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, பேர் இல்லாத மனிதனாக அவன் நாடு தாண்டினான்.

பாரிசில் அவனுடைய அகதி வழக்கு ஏதோ ஒரு அலுவலகத்தில் தூங்கியது. வழக்குத் தூங்குகிறவரை அவன் வேலை செய்யக் கூடாது என்றது சட்டம், சாப்பிடக் கூடாது என்று சொல்ல மட்டும் அது மறந்துவிட்டது. அந்த மறதியில்தான் குலநாயகம் போன்றவர்கள் வாழ்ந்தார்கள். குலநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், வெகுகாலத்துக்கு முன்பே வந்து நிரந்தர வதிவிட அட்டையும் அடுக்குமாடியில் வீடும் ஊர் ஒன்றியத்தின் தலைவர் பதவியும் பெருவயிறும் சீனி வியாதியும் சேர்த்தவர். சமையலறைக்குப் பின்னால் பழைய சாமான் போடும் அறையை அவனுக்கு வாடகைக்குக் கொடுத்தார். தன்னுடைய அட்டையைக் கொடுத்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்த்துவிட்டார். கழுவியவன் வீரமலை, சம்பளச் சீட்டில் பேர் குலநாயகம், ஓய்வூதியம் சேர்ந்ததும் குலநாயகத்துக்கு. தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். குலநாயகம் கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் அவர் இருந்தார்.

வீரமலைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன் பேர். தன் சொந்தப் பேர் அச்சடித்த ஒரு அட்டை. அது கிடைத்தால் சிவனம்மாவைக் கூப்பிடலாம், அது கிடைக்காவிட்டால் அவளுக்கு அவன் தொலைபேசியில் இருமுகிற ஒரு சத்தம் மட்டுமே. வழக்கை நம்பிப் பயனில்லை என்று கண்டு, நகரத்துக்குத் தெற்கே மொத்த இறைச்சிச் சந்தையில் மெந்தெஸ் என்ற போர்த்துக்கேய முதலாளியிடம் போய் நின்றான். மெந்தெஸ் சுமை தூக்கிப் பிழைத்து முதலாளியானவர், சுமையைத் தவிர வேறெதையும் நம்பாதவர். லாரியில் தொங்கிய மாட்டின் பாதி உடலைக் காட்டினார்.

"இதை அந்தக் கொக்கிவரை கொண்டுபோ. நடுவில் கீழே வைக்கக் கூடாது. வைக்காமல் போனால் உன் பேரில் வேலை ஒப்பந்தம் எழுதித் தருகிறேன். அதை வைத்து நீ அட்டை கேட்கலாம்."

பாதி வழியில் இடது தோள் விட்டது. மாடும் மனிதனும் ஈரத் தரையில் கிடந்தார்கள். மெந்தெஸ் அவனைத் தூக்கிவிட்டு, "வசந்தத்தில் வா. தோளைக் கொண்டு வா," என்றார்.

தோளைத் தேடித்தான் அவன் அந்த வார்ப்பாலைக்குப் போனான். வாசல் மேசையில் ஆவா என்ற மாலி நாட்டுப் பெண் இருந்தாள். சேர வேண்டுமென்றால் சொந்தப் பேரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்றாள். அட்டை இருந்தால்தான் கணக்கு, கணக்கு இருந்தால்தான் தோள், தோள் இருந்தால்தான் அட்டை என்று அவன் விரல் மடக்கிச் சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. அவளும் வந்தேறிகளின் மகள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது குலநாயகம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எறிந்தார்.

"டொக்டர் சீனிக்கு நடக்கச் சொன்னவர் எண்டு ஒரு வருசத்துக்குக் கட்டிப்போட்டன். ஒருநாள் போனன். நிண்ட இடத்திலயே ஓடுற ஓட்டம் எனக்குச் சரிவராது ஐசே. கார்ட் சும்மா கிடக்குது, நீர் கொண்டு போம்."

"இதுல உங்க படம் இருக்குதுங்களே, ஐயா."

"வெள்ளைக்காரனுக்கு எங்கட மூஞ்சி எல்லாம் ஒண்டுதான். உமக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குள்ளதான் தெரியும்." அவர் சிரித்தார். அது வித்தியாசம் தெரிந்த சிரிப்பு.

அட்டையை வாசல் கம்பத்தில் வைத்ததும் கண்ணாடிக் கதவு திறந்தது, சின்னத் திரையில் 'வருக குலநாயகம்' என்று எழுத்து ஓடியது. ஆவா படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு தன் நகத்தைப் பார்த்தாள். உள்ளே எல்லாம் அவனுக்குப் புதிது. ஒவ்வொரு யந்திரத்தையும் தொடுவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியாமல் நின்றான். நகரும் பட்டையில் ஏறியபோது அது ஓடத் தொடங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். வேலை முடிந்தால் கருவியை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்ற தோட்டத்துப் பழக்கத்தில் தான் எடுத்ததை மட்டுமல்லாமல் மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன இரும்புத் தட்டுகளையும் சுமந்து அடுக்கினான். அதைக் கண்ட தடியர்கள் அவனைக் கூடத்து வேலையாள் என்று எண்ணி வேர்வைத் துண்டுகளை நீட்டினார்கள், அவனும் வாங்கிக்கொண்டான். ஆவா மேசையிலிருந்து கத்தினாள்:

"குலா! அந்தத் துண்டைக் கீழே போடு. நீ இங்கே வேலையாள் இல்லை, அங்கத்தவன்!"

அங்கத்தவன். தோட்டத்தில் தொழிற்சங்கத்து அங்கத்தவன் என்ற சொல்லுக்காக அவன் அடி வாங்கியிருந்தான். துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு, கூச்சத்தோடு, பெருமையோடு, கழன்று மாட்டிய அந்தத் தோளால் முதல் இரும்பைத் தூக்கினான்.

அவன் நாள் தவறாமல் தூக்கினான். காலையில் கூடம், மதியமும் மாலையும் உணவகத்துத் தொட்டி. மழையிலும் போனான், பனியிலும் போனான். கை அசந்து கரண்டி பிடிக்க முடியாமல் தட்டில் வாய் வைத்துத் தின்றான். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் தோள் பழைய தோளாகவே இருந்தது, இல்லை, பழையதைவிட மெலிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குலநாயகம் அரிசி மூட்டையை நகர்த்தக் குனிந்து, அது ஒற்றைக் கையில் தலையணைபோல எழுந்து வந்ததில் நிலை தடுமாறினார். சட்டையின் கைப்பகுதி தோளிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்தது. கிழிசலுக்குள் வார்ப்பு இரும்புபோல ஒரு கை இருந்தது.

"என்னப்பா உது? ஆற்ற கை உது?" என்று கேட்டார் மனைவி இரஞ்சிதமலர்.

குலநாயகம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையைப் பார்த்தார். அந்த வாரம் அவருடைய சீனி இறங்கியது, அடுத்த வாரம் வயிறு இறங்கியது, அதற்கடுத்த வாரம் வீட்டுக்குள் மேற்சட்டை இல்லாமல் நடமாடத் தொடங்கினார்.

ஒன்றியத்தின் செயலாளர் தில்லை மாஸ்டர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், எதற்கும் விளக்கம் கைவசம் வைத்திருப்பவர். அவர் வந்து குலநாயகத்தின் புயத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதில அதிசயப்பட என்ன கிடக்கு? பென்சன் ஆற்ற பேரில ஏறுது? கார்ட் ஆற்றயோ அவற்ற பேரில. உடம்பும் அப்பிடித்தான். இத்தனை வருசமா நாங்கள் இதை யோசிக்காமல் விட்டதுதான் பிழை."

பிழையைத் திருத்த ஒன்றியம் கூடியது. அடுத்த மாதத்துக்குள் பல குடும்பங்கள் கூடத்தில் சந்தா கட்டி, அட்டைகளைக் கொண்டுவந்து வீரமலையின் கையில் வைத்தன. எவர் பேரில் எந்தக் காலையில் எதைத் தூக்குவது என்று தில்லை மாஸ்டர் முறை வைத்தார். நகைக்கடைக்காரருக்கு நெஞ்சு, ஐயருக்கு முதுகு, கலியாணத்துக்கு நாள் வைத்த மாப்பிள்ளைக்குப் புயம், மாஸ்டருக்கு வயது காரணமாக வெறும் நடை. அலுவலில் அமர்ந்தே பெருத்தவர்கள் பஞ்சுபோல மாடி ஏறினார்கள். தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்க முன்பு ஊரே சேர வேண்டும், அந்த வருடம் ஒன்றிய நிர்வாகக் குழு மட்டும் இழுத்ததில் தேர் தெருமுனையில் திரும்பாமல் நேராகப் போய்ப் பேருந்துத் தரிப்பிடத்தில் முட்டி நின்றது. முறைப்பாடுகளும் வந்தன.

"தம்பி, நேற்று என்ர கார்ட்டில போகேல்லையோ? இடுப்பு கொஞ்சம் தளர்ந்த மாதிரிக் கிடக்கு."

"உவருக்கு மட்டும் தோள் இவ்வளவு, எனக்கு ஏன் இவ்வளவு? ஒரே காசுதானே கட்டினது?"

"எனக்குக் கொஞ்சம் கவனமாத் தூக்கும். போன கிழமை இடப்பக்கம் கூடிப்போச்சு, கோட் பிடிக்குது."

களைப்பு மட்டும் வீரமலையிடமே நின்றது. களைப்புக்கு அட்டை தேவையில்லை.

வசந்தத்துக்கு அதிக நாள் இல்லை என்று அவன் குலநாயகத்திடம் போனான்.

"ஐயா, எல்லாருக்கும் தூக்குறேங்க. நாளுக்கு ஒரு மணி நேரம் எம்பேர்ல தூக்கிக்கிறேன். ஆவாகிட்ட நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, உங்க கணக்குல எம்பேரைச் சேத்துப் போட்டுக் கொடுக்குமுங்க. மெந்தெஸ்கிட்ட ஒரே ஒருவாட்டி தூக்கிக் காட்டணும், அவ்வளவுதான்."

"மாடு காவப் போறீரோ? சிவ சிவா." குலநாயகம் தன் புயத்தைத் தடவினார். "ஒன்றியத்தில கேட்டுப் பாரும். நான் தனியாளா முடிவு சொல்லேலாது. ஜனநாயகம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ."

அவன் ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து பேசினான். தொழிற்சாலை வாசலில் பேசியவன், பேசத் தெரிந்தவன். உழைத்தவனுக்கு அரைப் பேர் போட்ட கணக்கப்பிள்ளையை எதிர்த்து வந்தவன் நான், இங்கே எனக்கு அரைப் பேரும் இல்லை, நீங்கள் சுமக்கும் தோள் ஒவ்வொன்றும் என் தோள், அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று பேசினான். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. தட்டிய கைகள் எல்லாம் அவனுடைய கைகள், அதனால் சத்தம் பலமாக இருந்தது. முடிந்ததும் தலைவர் எழுந்து அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். "நல்லாப் பேசினீர் ஐசே. வருசப் பிறப்பு விழாவிலயும் நீர் பேசவேணும்," என்றார். வேண்டுகோள் பரிசீலனைக்கு எடுக்கப்பட்டது, அடுத்த நாள் காலை முறையில் ஐயருக்கு முதுகு இருந்தது.

அடுத்த நாள் அவன் அட்டையை வைத்து உள்ளே போய் ஒரு பலகையில் கை கட்டி உட்கார்ந்தான். ஆவா வந்து, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

"வேலைநிறுத்தம்."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "இந்தக் கூரையின் கீழே கடைசியாக அந்தச் சொல்லைச் சொன்னது என் அப்பா. பிறகு ஆலையையே மூடிவிட்டார்கள்," என்றாள். ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்றியத்தின் இடுப்புகள் ஒரு வாரத்தில் தளர்ந்தன. குலநாயகம் கோபப்படவில்லை. கோபப்படுவது கீழே இருப்பவனின் செலவு. அவர் அறை வாசலில் சாய்ந்து நின்று இதமாகச் சொன்னார்:

"பாவம், களைச்சுப் போனீர், இளைப்பாறும். கோப்பை கழுவுறதும் என்ர கார்ட்டிலதானே, அதையும் விட்டிட்டு இளைப்பாறும். இந்த அறையும் என்ர பேரிலதான், இதையும் விட்டிட்டு வடிவா இளைப்பாறும்."

ஒற்றை ஆளின் வேலைநிறுத்தத்துக்கு இன்னொரு பேர் பட்டினி என்று அவனே ஒரு பிரசுரத்தில் எழுதியிருந்தான். மறுநாள் எழுந்து போய் நகைக்கடைக்காரரின் நெஞ்சைத் தூக்கினான். தூக்கும்போது அவனுக்குள் இருந்த பழைய கலகக்காரன் இன்னொரு வழி கண்டான். ஏறுவது பேருக்கு ஏறும் என்றால் முறிவதும் பேருக்குத்தானே முறிய வேண்டும்? அன்றே வெளியே போய்க் குலநாயகத்தின் அட்டையை வைத்து மறுபடி நுழைந்தான், கூடத்திலேயே பெரிய இரும்புத் தட்டைத் தலைக்குமேல் தூக்கினான், குலநாயகத்தின் முகத்தை நினைத்துக்கொண்டு அதைத் தன் வலது பாதத்தில் போட்டான்.

முறிந்தது அவனுடைய பாதம். அந்த நேரத்தில் குலநாயகம் மாப்பிள்ளை அழைப்பில் ஆடிக்கொண்டிருந்தார்.

"லாபம் கார்ட்டோட போகும், நட்டம் ஆளோட நிக்கும்," என்று தில்லை மாஸ்டர் அவனைத் தூக்கிக் காரில் போடும்போது சொன்னார். "உலகம் முழுக்க அப்பிடித்தானே? நீர் யூனியன்காரன், உமக்கு இது தெரியாதோ?"

மருத்துவமனையில் குலநாயகத்தின் சுகாதார அட்டையைக் கொடுத்துச் சேர்த்தார்கள், வேறு அட்டை அவனுக்கு ஏது? அவனுடைய காலில் மாவுக்கட்டுப் போட்டார்கள், குலநாயகத்தின் பழைய முழங்கால் வலி பறந்தது. அவனுடைய நரம்பில் மருந்து ஏற்றினார்கள், குலநாயகத்தின் நாள்பட்ட இருமல் நின்றது. மருத்துவர்கள் மருந்தை மாற்றினார்கள், குலநாயகத்தின் நரைத்த மீசை வேர்களில் கறுத்தது. கட்டுக்குள் பாதம் கறுத்தது. ஊரே குலநாயகத்தின் வீட்டுக்குப் பழக் கூடைகளோடு போய், அவருடைய பேர் மருத்துவமனையில் கிடப்பதைப் பற்றி நலம் விசாரித்தது.

ஆவா ஒருத்திதான் கட்டிலைத் தேடி வந்தாள். சன்னலுக்கு வெளியே மரங்கள் துளிர்த்திருந்தன. மெந்தெஸின் வசந்தம் வந்துவிட்டது.

"உன் பேரைச் சொல்," என்றாள் அவள். "மருந்துக்கு வழி தெரியட்டும். இங்கே பேரில்லாதவனையும் பார்ப்பார்கள், பொய்ப் பேர்க்காரனைத்தான் மருந்துக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை."

அவள் போனதும் கட்டிலின் மறுபக்கம் குலநாயகம் குனிந்தார். அவருடைய நிழல் கட்டிலை முழுவதும் மூடியது. "சொல்லிப்போடாதேயும். கள்ளக் கார்ட் எண்டு உம்மட அகதி வழக்கும் அடிபடும், எங்கட சனமும் எல்லாம் மாட்டும். ஐயர், மாஸ்டர், கலியாணம் கட்டின பெடியன், எல்லாரும். காட்டிக் குடுப்பீரோ?"

அந்தச் சொல் போதுமாக இருந்தது. தோள்மூட்டைக் கழற்றியபோதும் ஒரு பேரைச் சொல்லாதவன் வீரமலை. அவனிடம் மிச்சமிருந்த சொத்து அந்தப் பெருமை ஒன்றுதான், அதைத்தான் குலநாயகம் கடைசியாக எடுத்துக்கொண்டார். அவன் வாயை மூடிக்கொண்டான். விஷம் தொடைக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது.

பிறகு ஒரு நண்பகலில் தலைமை மருத்துவர் குலநாயகத்தை நடைபாதைக்கு அழைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, இன்றோ நாளையோ, நீங்கள் இவருக்கு என்ன உறவு, சான்றிதழ் எழுத வேண்டும் என்று சொன்னார். குலநாயகம் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே இருந்தவருக்கு, அந்தச் சான்றிதழில் எந்தப் பேர் எழுதப்படும் என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அந்தப் பெருத்த உடம்பு கட்டிலுக்கு ஓடியது.

"தம்பி!" அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தம்பி, இப்ப சொல்லும். உம்மட பேரைச் சொல்லும். டொக்டர் நிக்கிறார், வாயைத் திறந்து ஒருக்காச் சொல்லும்! நான் உமக்கு என்ன குறை வைச்சனான்? சொல்லும், அப்பன்!"

மருத்துவர் குனிந்து, மெதுவாக, அந்த நாட்டில் புதிதாக வருகிறவன் முதலில் கற்றுக்கொள்ளும் அந்தக் கேள்வியைக் கேட்டார்: உங்கள் பெயர் என்ன?

வீரமலை கண்ணைத் திறந்தான். தன்மேல் குனிந்து நின்ற தோள்களைப் பார்த்தான். எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறேன் என்று ஒரு தொழிலாளி தன் வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசுகிறவனின் குரலில், எழுத்து எழுத்தாகச் சொன்னான்:

"பொன்னுத்துரை குலநாயகம்."

அதன் பின் அவன் பேசவில்லை. மருத்துவர் எழுதினார், கையெழுத்திட்டார், முத்திரை வைத்தார். பொன்னுத்துரை குலநாயகம் நண்பகலில் காலமானார்.

ஒன்றியம் அவசரமாகக் கூடியது. செத்தது தானல்ல என்று குலநாயகம் மேசையை அடித்தார், மேசை இரண்டாக உடைந்தது. தில்லை மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"தலைவர், உணர்ச்சிவசப்படாதேங்கோ. நீங்கள் சாகேல்லை எண்டு நாங்கள் சொன்னால், பிறகு ஆர் செத்தது எண்டு கேப்பாங்கள். அவன் ஆற்ற கார்ட்டில வேலை செய்தவன் எண்டு கேப்பாங்கள். பிறகு எல்லாற்ற கார்ட்டையும் கேப்பாங்கள். சனத்துக்காக எவ்வளவோ செய்தனீங்கள், இதையும் செய்யுங்கோ."

கை உயர்த்தச் சொன்னார்கள். புடைத்த கைகள் எல்லாம் உயர்ந்தன, குலநாயகம் பெரும்பான்மையால் இறந்தார். பத்திரிகையில் அவருடைய படம் போட்டு மரண அறிவித்தல் வந்தது. இரஞ்சிதமலர் விதவைப் பணம் கிடைக்கும் என்று அறிந்து முறைப்படி அழுதார். உடலை எரித்தார்கள். சாம்பல் நிறைத்த மண்முட்டியை ஒன்றிய மண்டபத்தில், குலநாயகத்தின் மாலை போட்ட படத்துக்குக் கீழே வைத்தார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலில் குலநாயகமும் பந்தியில் உட்கார்ந்து, தனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலைத் தனக்காகப் படைத்த இலையிலிருந்தே எடுத்துத் தின்றார். பக்கத்தில் இருந்தவர்கள், நல்ல மனிசன், அருமையான மனிசன் என்று அவருக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டார்கள்.

வங்கி அவருடைய கணக்கை மூடியது. ஓய்வூதியம் நின்றது. இறந்தவருக்கு வீட்டுக்குள் அறை ஏது என்று, இரஞ்சிதமலர் அவரைச் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறைக்கு மாற்றினார்.

அந்த வாரம்தான் தூங்கிக்கொண்டிருந்த அலுவலகம் விழித்தது. வீரமலையின் அகதி வழக்கு ஏற்கப்பட்டது. பத்து வருட அட்டை, வேலை செய்யும் உரிமை, மனைவியை அழைக்கும் உரிமை. ஆளில்லாத பேர் ஒன்று வந்து மேசைமேல் கிடந்தது, பேரில்லாத ஆள் ஒருவர் மேசைக்கு முன்னால் நின்றார். தில்லை மாஸ்டர் இரண்டையும் பார்த்தார்.

"தோட்டக்காட்டான்ர பேரிலயோ நான் சீவிக்கிறது?" என்றார் குலநாயகம்.

"படத்தைப் பற்றி யோசியாதேங்கோ," என்றார் மாஸ்டர். "வெள்ளைக்காரனுக்கு எங்கட மூஞ்சி எல்லாம் ஒண்டுதானே."

அப்படியாக அவர் வீரமலை என்ற பேரில் அதே உணவகத்தில், அதே தொட்டியில் கோப்பை கழுவப் போனார். கழுவக் கழுவ அவருடைய தோள் வற்றியது, மீசை நரைத்தது, முழங்கால் வலி திரும்பி வந்து உட்கார்ந்தது. சாப்பிட்டதெல்லாம் எங்கோ போனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, சாம்பலைக் கரைக்க ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஐயர் முட்டியைத் தூக்கினார். முட்டி அசையவில்லை. நகைக்கடைக்காரர் தூக்கினார், மாப்பிள்ளை தூக்கினான், தேர் இழுத்த நிர்வாகக் குழு முழுவதும் மூச்சுப் பிடித்துத் தூக்கியது. ஒரு கைப்பிடிச் சாம்பல் ஒரு மலைபோல உட்கார்ந்திருந்தது. கரைக்காமலே கிரியை முடித்தார்கள்.

சிவனம்மாவுக்கு அழைப்பு அனுப்பும்படி ஆவா ஒன்றியத்துக்கு வந்து கேட்டாள். அட்டையில் பேர் இருக்கிறது, உரிமை இருக்கிறது என்றாள். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். இன்றுவரை பரிசீலிக்கிறார்கள். சிவனம்மா தன் அண்ணன் வீட்டில் தொலைபேசி இருமும் என்று காத்திருக்கிறாள்.

வற்றிப்போன குலநாயகம் கடைசியில் வார்ப்பாலை வாசலுக்கு வந்து நின்றார். தொட்டி விளிம்பைத் தாண்டிச் சட்டியை எடுக்கவும் கை ஓடவில்லை, இப்படியே போனால் வேலையும் போகும் என்றார். கொஞ்சம் உடம்பு ஏற்ற வேண்டும், புதிதாகச் சேர வேண்டும். நகரும் பட்டைகளையும் இரும்பு அடுக்குகளையும், எங்கே போய் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்போலப் பார்த்தார். ஒரு தடியன் வேர்வைத் துண்டை நீட்டினான், அவர் வாங்கிக்கொண்டார்.

ஆவா அதைக் கீழே போடச் சொல்லவில்லை. "பேர்?" என்றாள்.

கிழவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சத்தமாக. முழுப் பேர்."

"வீரமலை," என்றார் அவர். "கருப்பையா வீரமலை."

கண்ணாடிக் கதவு திறந்தது. திரையில் 'வருக வீரமலை' என்று எழுத்து ஓடியது. அந்தப் பேர் அந்தக் கதவில் ஓடியது அதுதான் முதல் தடவை. கிழவர் உள்ளே போய், இருந்ததிலேயே சின்ன இரும்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கால்வாய்க்கு அப்பால் ஒன்றிய மண்டபத்தில், மாலை போட்ட படத்துக்குக் கீழே, பலகை ஒடிந்து, தரை ஓடு வெடித்து, சாம்பல் முட்டி கொங்கிரீட்டுக்குள் ஒரு விரற்கடை இறங்கியது. அவர் மறுபடி தூக்கினார்.